வாட்கின்ஸ் கிளென்: நயாகரா போகும் வழியில் ஒரு மணி நேரம் போதாது

நியூ ஜெர்சியிலிருந்தும் நியூயார்க் நகரத்திலிருந்தும் நயாகராவுக்குக் காரில் கிளம்பும் நம்மவர்களின் பயணத் திட்டத்தில் வாட்கின்ஸ் கிளென் என்ற பெயர் பெரும்பாலும் வழியில் வரும் ஒரு நிறுத்தமாகவே இடம்பெறுகிறது. விடியற்காலையில் புறப்பட்டு, நண்பகலில் அங்கே இறங்கி, கை கால்களை நீட்டி, நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் நயாகராவுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே வழக்கமான கணக்கு. சுற்றுலாப் பேருந்துகளும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் ஆட்களை இறக்கி ஏற்றுகின்றன. அப்படி நின்று போனவர்கள், "பரவாயில்லை, படிக்கட்டு நிறைய, அருவி சின்னதுதான்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. அவர்கள் பார்த்த பகுதிக்கு அந்த மதிப்பீடு பொருந்தும். ஆனால் இந்த இடத்துக்கென்றே ஒரு நாளை ஒதுக்கிப் போய்வருபவருக்குக் கிடைப்பது வேறு. அதைச் சற்று விரிவாகச் சொல்வதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில், செனகா ஏரியின் தென்கோடியில் இருக்கும் சிற்றூர் வாட்கின்ஸ் கிளென். மலைக்குள் வெகுதூரம் போக வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதல் வியப்பு அந்த ஊரின் பிரதானச் சாலையிலேயே காத்திருக்கிறது. ஃபிராங்க்ளின் தெருவில் கடைகளும் உணவகங்களும் வரிசையாக நிற்க, அவற்றுக்கு நடுவே, ஒரு தெருமுனை போல, மலையிடுக்கின் வாய் திறந்திருக்கிறது. உள்ளே கிளென் கிரீக் என்னும் ஓடை, ஏறத்தாழ 2 மைல் தூரத்துக்குள் 400 அடி இறங்கி வருகிறது. இருபுறமும் பாறைச் சுவர்கள் சில இடங்களில் 200 அடி வரை உயர்ந்து நிற்கின்றன. ஓடையை ஒட்டியே, சில இடங்களில் அதற்கு மேலாகவும் சில இடங்களில் அருவிக்குப் பின்னாலும், ஒன்றரை மைல் நீளத்துக்கு 832 கற்படிகளோடு ஒரு நடைபாதை ஏறுகிறது. வழியில் 19 அருவிகள்.

இந்த 19 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் மனக்கோட்டை கட்டக் கூடாது. இவற்றுள் உயரமான சென்ட்ரல் கேஸ்கேட் அறுபது அடியை ஒட்டியதுதான். பல அருவிகள் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடுகின்றன. நயாகராவை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இவை ஓடையின் விளையாட்டாகவே தோன்றும். இங்கே பார்க்க வேண்டியது நீரின் அளவை அல்ல. நீர் கல்லைச் செதுக்கியிருக்கும் விதத்தையும், அந்தச் செதுக்கலுக்குள் மனிதர்கள் போட்டிருக்கும் பாதையையும்தான். நான் நடந்த மலைப்பாதைகளில், பாதையே பார்வைக்குரிய பொருளாக அமைந்த இடம் இதைப் போல் வேறொன்று இல்லை.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியின் நடுப்பகுதியிலிருந்து 80ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போய், 380, 81 வழியாக ஸ்க்ராண்டனையும் பிங்ஹாம்டனையும் கடந்து, 17ஆம் எண் சாலையில் ஹார்ஸ்ஹெட்ஸ் வரை வந்து, அங்கிருந்து 14ஆம் எண் சாலையில் வடக்கே திரும்பினால், போக்குவரத்து நெரிசல் இல்லாத நாளில் சுமார் நான்கு மணி நேரம் ஆகும். போக நான்கு, வர நான்கு என்பது ஒரே நாளுக்குச் சற்றுக் கனமான பயணம்தான். காரோட்ட இருவர் இருந்தால் துணிந்து போகலாம். ஒருவரே முழுத் தூரமும் ஓட்ட வேண்டுமென்றால் இரவு தங்குவது நல்லது. ராச்செஸ்டர், சிரக்யூஸ், பிங்ஹாம்டன் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடலாம். நுழைவுக்கு ஆள்கணக்கில் டிக்கெட் கிடையாது. காரை நிறுத்துவதற்கு 10 டாலர் வாங்குகிறார்கள். அந்த ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்துக்கொண்டால், அதே நாளில் பக்கத்திலுள்ள மற்ற மாநிலப் பூங்காக்களுக்கும் அது செல்லும்.

பாதைக்குக் கீழ் வாயில், தெற்கு வாயில், மேல் வாயில் என மூன்று முகங்கள் உண்டு. இவற்றில் எதிலிருந்து தொடங்குவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. மேல் வாயிலில் தொடங்கி இறங்கி வந்தால் மூச்சு வாங்காது என்பது உண்மை. கோடையில் கீழிருந்து மேலே கட்டணத்துக்கு அழைத்துச் செல்லும் சிறு பேருந்து ஓடும் நாள்களில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். என் கருத்து அதற்கு மாறானது. ஈரப் படிகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்கும் நிதானத்துக்கும் சோதனை. அதைவிட முக்கியமான காரணம், இந்த இடுக்கு கீழிருந்து பார்ப்பதற்காகவே அமைந்ததுபோல் இருப்பது: ஏறுகிறவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் அருவி முகத்துக்கு நேராக வருகிறது, இறங்குகிறவருக்கோ அது முதுகுப்புறம் போய்விடுகிறது. ஆகவே ஊர்ப்பக்கத்துக் கீழ் வாயிலில் தொடங்கி ஏறுவதையே பரிந்துரைப்பேன்.

தொடக்கமே ஒரு சுரங்க வழி. கையால் குடைந்த பாறைக்குள் சில அடிகள் இருட்டில் ஏறி வெளியே வந்தால், சென்ட்ரி பிரிட்ஜ் என்னும் கற்பாலத்தின் மேல் நிற்கிறோம். வெயிலும் காரோசையும் இருந்த தெருவிலிருந்து சில நிமிடம் நடந்ததற்குள் வெப்பநிலை இறங்கிவிடுவது தோலுக்குத் தெரிகிறது. அங்கிருந்து படிகள் வளைந்து போய் கேவர்ன் கேஸ்கேட் என்ற அருவிக்குப் பின்னால் நுழைகின்றன. முன்னால் வெள்ளைத் திரையாக நீர் விழுகிறது. அதற்கும் பாறைக்கும் இடையிலுள்ள குறுகிய இடத்தில் நாம் நடக்கிறோம். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் இங்கே ஒரு கைக்குட்டையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். நீர் மேலே விழாவிட்டாலும், தெறிக்கும் துளிகள் கண்ணாடியைப் பொட்டுப் பொட்டாக மறைத்துவிடுகின்றன. அதே சமயம் பாறைக் கூரையிலிருந்தும் சொட்டுகள் கழுத்துக்குள் இறங்குகின்றன. அருவியைத் தாண்டியதும், சுழன்று ஏறும் ஸ்பைரல் டனல் என்ற இன்னொரு குடைவு வழி. அதைவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், ஓடைக்கு 85 அடி மேலே ஒரு தொங்குபாலம் கரைக்குக் கரை கட்டப்பட்டிருப்பது தெரியும்.

அவசரமாக நின்று போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்க்காமல் விட்டுப்போவது எது என்பதைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

தொங்குபாலத்தைத் தாண்டியதும் சுவர்கள் நெருங்கி வருகின்றன. நேரோஸ் என்று இந்தப் பகுதியைக் குறிப்பிடுகிறார்கள். வெயில் உள்ளே வருவதே அரிது. பாறையெங்கும் பாசியும் பெரணியும் படர்ந்து, நடைபாதையின் கற்சுவர்மேல் கை வைத்தால் பஞ்சுபோல் அமுங்கி நீர் கசிகிறது. ஜூலை மாதத்திலும் மேலுக்கு ஒரு மெல்லிய சட்டை தேவைப்படும் குளிர்ச்சி இங்கே இருக்கிறது. பிறகு ஒரு திருப்பத்தில் சுவர்கள் சட்டென்று விலகி, வானம் அகலமாகத் தெரியும் ஒரு வெளி வருகிறது. அதற்கு கிளென் கதீட்ரல் என்று பெயர். ஈரம் குறைந்து, வெயில் தரையில் விழுந்து, செடிகொடிகளின் வகையே மாறிவிடுகிறது. நூறு தப்படி இடைவெளியில் இரண்டு தட்பவெப்பங்களைத் தாண்டி வருகிறோம் என்பதைப் பலகையைப் படிக்காமலே உணர முடிகிறது. இங்கே பாதையோரப் பாறைத் தளத்தைக் குனிந்து பார்க்க வேண்டும். கடற்கரை மணலில் அலை விட்டுப்போகும் வரிகள் அப்படியே கல்லாக உறைந்து கிடக்கின்றன. அவை உண்மையிலேயே ஒரு பழங்கடலின் அடித்தளத்து வரிகள்தான்.

டெவோனியக் காலம் என்று புவியியலாளர் குறிப்பிடும், ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் இந்தப் பகுதி கடலுக்கடியில் இருந்தது. அப்போது படிந்த சேறும் மணலும் களிப்பாறையாகவும் மணற்கல்லாகவும், இடையிடையே சுண்ணாம்புக்கல்லாகவும் அடுக்கடுக்காக இறுகின. வெகுகாலம் கழித்துப் பனியுகத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாறைகள், இப்போது செனகா ஏரி இருக்கும் பள்ளத்தாக்கை ஆழமாகக் கெல்லி எடுத்தன. ஏரியின் ஆழம் இன்றும் 600 அடிக்கு மேல். பெரிய பள்ளத்தாக்கு இப்படித் தாழ்ந்துபோனதால், பக்கவாட்டில் வந்து சேர்ந்த சிற்றோடைகள் உயரத்திலேயே தொங்கிப்போயின. பனி விலகிய பின், சுமார் 12,000 ஆண்டுகளாக, கிளென் கிரீக் அந்த உயர வேறுபாட்டைச் சரிக்கட்ட மலையை அறுத்துக்கொண்டிருக்கிறது. கெட்டியான மணற்கல் அடுக்கு வரும் இடத்தில் அறுப்பு தடைபட்டு அருவி உண்டாகிறது. அதன் அடியிலுள்ள மென்மையான களிப்பாறை கரைந்து உள்வாங்குவதால் அருவிக்குப் பின்னால் குகைபோல் இடம் விடுகிறது. கேவர்ன் கேஸ்கேடுக்குப் பின்னால் நாம் நனையாமல் நடக்க முடிவதற்கு இந்த உள்வாங்கல்தான் காரணம். அதை அறிந்துகொண்டு நடந்தால், மேலே வரும் ஒவ்வோர் அருவியின் உதட்டிலும் எந்த அடுக்கு தாங்குகிறது என்று கண் தானாகத் தேடத் தொடங்கிவிடும்.

கதீட்ரலின் மேற்கோடியில் சென்ட்ரல் கேஸ்கேட் அறுபது அடி உயரத்திலிருந்து இறங்குகிறது. அதன் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் கிளென் ஆஃப் பூல்ஸ். பெயருக்கேற்பப் பாறையில் வட்ட வட்டமாகக் குழிகள், ஒன்றின் நீர் அடுத்ததற்கு வழிந்துகொண்டே இருக்கும். நம் வீட்டு ஆட்டுக்கல்லின் குழியைத்தான் இவை நினைவூட்டுகின்றன. உருவான விதமும் அதுவேதான்: வெள்ளத்தில் அகப்பட்ட கூழாங்கல் ஒரே இடத்தில் சுழன்று சுழன்று, குழவி கல்லைத் தேய்ப்பதுபோல், பாறையைத் தேய்த்து வட்டமாக்கியிருக்கிறது. நீர் தெளிந்திருக்கும் நாளில் குழியின் அடியில் அந்தக் கற்கள் கிடப்பதைக்கூடப் பார்க்கலாம். இந்தக் குழிகளுக்கு எதிரே பாதைச் சுவரில் சாய்ந்து நிற்க நல்ல இடம் இருக்கிறது. வரிசையாக வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, சற்று நேரம் நின்று பார்க்கலாம்.

அதற்கு மேலே வருவது ரெயின்போ ஃபால்ஸ். இந்த இடத்தின் படங்கள் என்று நாள்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் வருபவை பெரும்பாலும் இங்கே எடுக்கப்பட்டவைதாம். ஓடை மூன்று படிகளாக ட்ரிபிள் கேஸ்கேட் என்ற பெயரில் இறங்க, பக்கவாட்டுச் சுவரின் உச்சியிலிருந்து இன்னொரு நீர்க்கால் மெல்லிய இழைகளாகப் பாதையின் மேலேயே விழுகிறது. நாம் அந்த இழைகளுக்குப் பின்னால் நடந்து, வளைந்த சிறு கற்பாலத்தின் மேல் வந்து நிற்கிறோம். பிற்பகல் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வானவில் தெரியும். ஆனால் அதற்காகப் பிற்பகலில் வருவது எனக்கு நட்டமாகவே படுகிறது; அந்த நேரத்துக் கூட்டத்தில் பாலத்தின் மேல் நிற்க இடம் கிடைப்பதில்லை, பின்னால் வருபவர்கள் படம் எடுக்க முடியாமல் முனகுகிறார்கள். வானவில் இல்லாவிட்டாலும் காலை ஒன்பது மணிக்கு முன் இந்தப் பாலத்தில் நிற்பவர் கொடுத்துவைத்தவர்.

ரெயின்போ ஃபால்ஸுக்கு மேல் ஸ்பைரல் கார்ஜ் என்ற இருண்ட வளைவுப் பகுதியும், புளூட்டோ ஃபால்ஸ் என்ற அருவியும் உண்டு. பாதாள உலகின் அதிபதியின் பெயரை வைத்ததில் தவறில்லை, சூரியன் அங்கே எட்டிப்பார்ப்பதே இல்லை. அதன்பின் மைல் பாயிண்ட் பிரிட்ஜ் வருகிறது. இதற்கு மேலும் அரை மைல் பாதை போகிறது என்றாலும் சுவர்கள் தாழ்ந்து, ஓடை அமைதியாகி, காட்டுப்பாதையின் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. கடைசியில் ஜேக்கப்ஸ் லேடர் என்ற 180 படிகள் ஏறினால் மேல் வாயில். முழுப் பாதையையும் நடந்தோம் என்ற நிறைவு வேண்டுமென்றால் ஏறலாம். கால் வலிக்கிறது என்றால் மைல் பாயிண்ட் பாலத்தைக் கடந்து, வடக்கு விளிம்பில் போகும் இந்தியன் டிரெயில் வழியாகத் திரும்பிவிடலாம், இழப்பு ஒன்றும் பெரிதில்லை. இந்த விளிம்புப் பாதை மர நிழலில், பெரும்பாலும் இறக்கமாகவே போகிறது. இடையில் அந்தத் தொங்குபாலத்தின் மேலும் போய் நின்று, காலையில் நடந்த பாதையை மேலிருந்து பார்க்கலாம். ஏறிய வழியிலேயே இறங்கி வருவது, எதிரே வரும் கூட்டத்தோடு குறுகிய படிகளில் ஒட்டி உரசி நிற்பதில்தான் முடியும். எனவே திரும்புவதற்கு விளிம்புப் பாதையே சிறந்தது.

நிதானமாக நின்று நின்று ஏறி, விளிம்பு வழியாகத் திரும்பி வர, மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு மணி நேர நிறுத்தத்தில் ஏன் இது கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இனிப் பாதையைப் பற்றி. நடப்பவர்கள் அதிகம் கவனிக்காத பகுதி இதுவாகத்தான் இருக்கும். எனக்கு அருவிகளைவிட இதுவே பெரிதாகத் தோன்றியது. 1863ஆம் ஆண்டில் எல்மைராவைச் சேர்ந்த மார்வால்டன் எல்ஸ் என்ற பத்திரிகையாளர் இந்த இடுக்கைச் சுற்றுலாத் தலமாகத் திறந்தபோது மரப்படிகளும் மரப்பாலங்களும்தான் இருந்தன. கதீட்ரல், புளூட்டோ, ரெயின்போ போன்ற அலங்காரப் பெயர்களும் அந்தக் காலத்துச் சுற்றுலா மனநிலையின் மிச்சங்களே. 1906இல் மாநில அரசு இதை விலைக்கு வாங்கியது. அதன்பின் கான்கிரீட் படிகளும் இரும்புக் கிராதிகளும் வந்தன. 1935 ஜூலையில் வந்த பெருவெள்ளம் இந்தப் பகுதி முழுவதையும் சீரழித்தபோது இந்தப் பாதையும் அடித்துக்கொண்டு போயிற்று. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்ற இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு அமைத்த சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற படையினர்தான் இதை மறுபடி கட்டினார்கள். கான்கிரீட்டைக் கைவிட்டு, இந்த மலையின் கல்லையே பயன்படுத்தினார்கள்.

அதன் விளைவு இன்று கண்ணெதிரே இருக்கிறது. கைப்பிடிச் சுவரின் கற்கள் பாறைச் சுவரின் அடுக்குகளைப் போலவே படுக்கைவசமாகத் தட்டையாக அடுக்கப்பட்டிருப்பதால், எந்த இடத்தில் மலை முடிந்து எந்த இடத்தில் கட்டடம் தொடங்குகிறது என்று சில திருப்பங்களில் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பாலங்களின் வளைவும் ஓடை தானே குடைந்த வளைவுகளின் சாயலிலேயே இருக்கிறது. ஓர் இயற்கைக் காட்சிக்குள் படிக்கட்டுக் கட்டும் ஒவ்வொரு பொறியாளரையும் ஒருமுறை இங்கே அழைத்துவந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. நம் ஊர் அருவிக்கரைகளில் பளபளக்கும் டைல்ஸையும் எவர்சில்வர்க் குழாய்க் கைப்பிடிகளையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் அருமை கூடுதலாகவே தெரியும்.

அருவி என்றதும் துண்டு, மாற்றுத்துணி, தலைக்கு எண்ணெய் என்று மனம் ஓடுகிறவர்களுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓடையில் இறங்கவோ குளிக்கவோ அனுமதி இல்லை; பாதையைவிட்டு விலகவே கூடாது. குற்றாலத்தில் மணிக்கணக்காகத் தலையைக் கொடுத்து நின்றவர்களுக்கு, கை எட்டும் தூரத்தில் நீர் விழுந்துகொண்டிருக்க, அதைத் தொடாமல் நகர வேண்டியிருப்பது ஒருவகைத் தண்டனைதான். குழந்தைகள் தண்ணீரில் இறங்கியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், கோடையில் பூங்காவின் தெற்கு வாயில் பக்கம் உள்ள நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போகலாம். இந்தக் கண்டிப்பு இல்லையென்றால் அந்தப் பாசியும் பெரணியும் ஒரே கோடையில் காணாமல் போயிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வளர்ப்பு நாய்களுக்கும் இடுக்குப் பாதையில் அனுமதி இல்லை.

காலத்தைப் பொறுத்தவரை, இடுக்குப் பாதை மே மாத நடுவிலிருந்து அக்டோபர் இறுதி அல்லது நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் பாறை வெடிப்புகளில் புகுந்த நீர் உறைந்து விரிவதால் சுவர்களில் கற்கள் தளர்ந்துபோகின்றன. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆட்கள் கயிற்றில் தொங்கியபடி அந்தக் கற்களைத் தட்டிவிழுத்திய பிறகே பாதை திறக்கப்படுகிறது. நீர் பெருகி ஓடுவதைப் பார்க்க மே இறுதியும் ஜூன் மாதமும் ஏற்றவை. ஆகஸ்டில் மழை பொய்த்தால் சில அருவிகள் வெறும் கசிவாகிவிடும். இலைகள் நிறம் மாறும் அக்டோபர் நடுவில் வண்ணம் அற்புதமாக இருந்தாலும், உதிர்ந்த இலை ஈரப் படியில் ஒட்டிக்கொள்ளும்போது வழுக்கல் இரட்டிப்பாகும். கனமழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலையையும் பூங்காவின் அறிவிப்பையும் பார்த்துக்கொள்வது அவசியம். அப்படி மூடிவிட்டாலும் நாள் வீணாகாது. அரை மணி நேரத் தொலைவில் உள்ள கார்னிங்கில் கண்ணாடி அருங்காட்சியகம் இருக்கிறது, அதுவே அரை நாளைத் தாராளமாக விழுங்கும்.

முதியவர்களை அழைத்துப் போகலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் எழும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆனால் இங்கே சற்று யோசிக்க வேண்டும். படிகள் ஒரே உயரத்தில் இல்லை. பல இடங்களில் நீர் தேங்கியிருக்கும். பிடித்துக்கொள்ளக் கிடைப்பது தாழ்வான கற்சுவர் மட்டுமே, சில படிகளில் அதுவும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களும் தலைசுற்றல் வருபவர்களும் சென்ட்ரி பிரிட்ஜ் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். குழந்தைகளுக்கான தள்ளுவண்டி இங்கே கொஞ்சமும் உதவாது. கைக்குழந்தையை முதுகிலோ மார்பிலோ கட்டிக்கொள்ள வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கோ இந்த இடம் கொண்டாட்டம்தான், படிகளை எண்ணிக்கொண்டே அவர்கள் முன்னால் ஓடிவிடுவார்கள், பின்னால் மூச்சிரைக்க ஓடுவது பெற்றோர்தாம். காலணி எப்படியும் அடிப்புறம் பிடிப்பு உள்ளதாக இருக்க வேண்டும். ரப்பர் செருப்போடும், புடவையோடு மெல்லிய ஹீல்ஸ் அணிந்தும் வந்து அவதிப்பட்டவர்களைக் கண்ணால் பார்த்தேன். பாதைக்குள் கழிப்பறை கிடையாது, வாயில்களில்தான் உண்டு. அதை முடித்துக்கொண்டே ஏற வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை. ஊரில் பீட்சாவும் ஐஸ்கிரீமும் தாராளமாகக் கிடைக்கின்றன. நாங்கள் போன ஓர் உணவகத்தில் சைவம் என்று கேட்டதற்குக் கீரைத் தட்டும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் வந்தன. விலையோ அசைவத்துக்கு வாங்கும் விலை. பூங்காவில் மேசை பெஞ்சுகள் போட்ட இடம் இருக்கிறது. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய், நடந்து களைத்து வந்தபின் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதற்கு எந்த உணவகமும் ஈடாகாது. கார் பந்தயம் நடக்கும் வார இறுதிகளில் மட்டும் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. 1948இல் ஊர்த் தெருக்களிலேயே பந்தயம் தொடங்கிய ஊர் இது. 1961 முதல் 1980 வரை ஃபார்முலா ஒன் பந்தயமும் இங்குள்ள களத்தில் நடந்திருக்கிறது. பந்தய நாள்களில் சாலையிலும் விடுதியிலும் இடம் கிடைக்காது.

சனி, ஞாயிறு பத்து மணிக்குமேல் கீழ் வாயிலில் ஊர்வலம் போலக் கூட்டம் இருக்கும் என்பதையும் குறையாகச் சொல்லத்தான் வேண்டும். குறுகிய சுரங்க வழிகளில் எதிரெதிராக வருபவர்கள் ஒதுங்கி நின்றே போக வேண்டியிருக்கிறது, படம் எடுப்பவர்களுக்காகப் பாதை அடிக்கடி நின்றுவிடுகிறது. வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் முந்தின இரவே வந்து தங்கி, காலையில் முதல் ஆளாக ஏறுவது ஒன்றே வழி.

மதியத்துக்குமேல் நேரம் மிச்சமிருந்தால், அதை நயாகராவை நோக்கி ஓட்டுவதில் செலவிடாமல், அந்தப் பகுதியிலேயே செலவிடலாம். கையிலுள்ள பார்க்கிங் ரசீதோடு டக்கானக் ஃபால்ஸ் பூங்காவுக்குப் போனால், 215 அடி உயரத்திலிருந்து ஒரே வீச்சில் விழும் அருவியை, முக்கால் மைல் சமதளப் பாதையில் நடந்தே அடியில் நின்று பார்க்கலாம். நயாகராவைவிட உயரமானது அது. படி ஏற முடியாத பெரியவர்களுக்கும் ஏற்றது. அவ்வளவு தூரம் நடக்கவும் முடியாதவர்களுக்கு, வாட்கின்ஸ் கிளென்னிலிருந்து தெற்கே சில மைல் தொலைவில், ஊருக்குத் திரும்பும் அதே 14ஆம் எண் சாலையை ஒட்டி மான்டூர் ஃபால்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு தெருவின் கடைசியில், வீடுகளுக்குப் பின்னால், 156 அடி உயர ஷிகுவாகா அருவி விழுகிறது. காரைவிட்டு இறங்காமலே பார்க்கலாம், கட்டணமும் கிடையாது. நயாகராவை இன்னொரு வார இறுதிக்கு வைத்துக்கொள்ளலாம். அதையும் சேர்த்தே பார்த்தாக வேண்டுமென்றால், அன்றிரவு ஜெனீவா அல்லது ராச்செஸ்டர் பக்கம் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் காலையில் கிளம்புவதே சரி.